சிவப்புத் தண்ணீர் வந்த கிணறு

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு டிரேசர் வேலை கிடைத்தது. டிராயிங் ஹையர் பரீட்சை தேறியிருந்தேன், கை நடுங்காமல் கோடு இழுப்பேன். என் தகுதி அவ்வளவுதான். கோயம்புத்தூரின் தெருக்களையும் சாக்கடைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு இன்ஜினியர் ஆபீஸ். ஜன்னலோரத்தில் சாய்வான மேசை ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். ஓவர்சியர் வெளியே போய் அளந்து பென்சிலில் போட்டுக்கொண்டு வரும் படத்தை நான் டிரேசிங் துணியில் மையால் எடுத்துத் தர வேண்டும். அந்த ஆபீசில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

நான் சேர்வதற்கு முந்தின ஐப்பசியில் ஊரில் பேய்மழை பெய்திருந்தது. கடைவீதியில் இடுப்பளவு தண்ணீர் நின்று, பருத்திக்கொட்டை மூட்டைகள் மிதந்து போயின. அடைப்பு எங்கே என்று தேடப் போனால், எந்தச் சாக்கடை எங்கே தொடங்கி எங்கே போய் விழுகிறது என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய படம் ஒன்று இருந்ததாம், அதைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் புதிதாகப் படம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. மழைத்தண்ணீர் போகும் ஒவ்வொரு வடிகாலும் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் வாட்டம், கடைசியில் குளத்துக்குப் போகிறதா நொய்யல் ஆற்றுக்குப் போகிறதா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். இத்தனை மில்லும் இத்தனை கடையும் வைத்திருக்கிற ஊர் தன் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நிற்கிறதே என்று எனக்கு முதல் நாளே திக்கென்றது.

ஓவர்சியர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். வயல் வாய்க்கால்களுக்கு நடுவில் வளர்ந்தவர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். ஒருநாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மணி, படம் போடறவ ஒருக்காவாச்சும் எடத்தைப் பாக்கோணும். எந்திரிச்சு வா."

போனேன். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடப்பாரையால் நெம்பிப் பலகைக்கல்லைத் தூக்கினார்கள். உள்ளேயிருந்து கரப்பான் பூச்சிகள் தண்ணீர் பொங்குவது போலப் பொங்கி வெளியே வந்தன. நான் அலறிக்கொண்டு பின்வாங்கினேன். அதற்குள் எங்கள் ஆபீஸ் துப்புரவு ஆள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு அந்தக் குழிக்குள் இறங்கினார். நெஞ்சுவரைக்கும் கருப்புத் தண்ணீர். பிறகு கழுத்துவரை. பிறகு குனிந்து உள்ளே போய்விட்டார். ஆளைக் காணவில்லை.

கயிற்றின் மறு நுனியைப் பிடித்திருந்தது அவருடைய சம்சாரம். அவரும் அதே ஆபீசில் கூட்டுகிற வேலை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

"உள்ள மூச்சு முட்டாதுங்களா?" என்று கேட்டேன்.

"முட்டுனா ரெண்டு இழு இழுப்பாருங்க அம்மணி. நான் தூக்கிருவேன்."

"இழுக்காம இருந்துட்டா?"

அவர் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் ஆபீசுக்குத் திரும்பி வந்து பேனாவை எடுத்தபோது, கை நடுங்காமல் கோடு இழுக்கிறவள் என்று பேர் வாங்கிய எனக்கு அன்று முழுக்க ஒரு கோடும் நேராக வரவில்லை.

ஆள் நுழையவே முடியாத இடங்கள் நிறைய இருந்தன. மேலே வீடுகள் வந்துவிட்டன, உள்ளே மண் மூடிவிட்டது. ஓவர்சியர்தான் ஒரு வழி சொன்னார். சாயப்பட்டறையிலிருந்து சிவப்புச் சாயம் வாங்கி, மழை பெய்து தண்ணீர் ஓடும்போது ஒரு முனையில் கரைத்து ஊற்றுவது. எந்த வடிகால் வாயில் சிவப்பாக வருகிறது என்று ஆட்களை நிறுத்திப் பார்ப்பது. சித்திரையில் கோடை மழை பிடித்ததும் அந்த வேலை மும்முரமாக நடந்தது. எங்கோ ஊற்றின சாயம் வாலாங்குளத்தின் ஓரத்தில் வந்து கலங்கும். துணி துவைக்கிறவர்கள் வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது என்று ஓவர்சியரைத் துரத்துவார்கள். அவர் சிரித்துக்கொண்டே வந்து, "கோட்டைப் போடு அம்மணி, தண்ணி போய்ச் சேந்துருச்சு" என்பார்.

நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். வாலாங்குளத்துக்கு மேற்கே, கடைவீதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தெரு. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, மில்லில் வேலை பார்த்தார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஐப்பசி மழை விட்ட வாரத்தில் குழந்தைக்கு வாந்திபேதி கண்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு ஆக்குவாள், வீட்டைக் கூட்டுவாள். கேட்டால் பதில் சொல்வாள், அவளாக வாய் திறக்க மாட்டாள்.

தெருமுனையில் சிறுவாணிக் குழாய் ஒன்று இருந்தது. காலையில் கொஞ்ச நேரம் வரும். அதில் பிடித்தது மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும். அப்புறம் எல்லாருக்கும் தெருவின் நடுவிலிருந்த கிணறுதான். அகலமான பழைய கிணறு. மழை பெய்தால் ஒரே ராத்திரியில் நிறைந்துவிடும். சுத்துப்பட்டுக் கிணறுகளிலெல்லாம் தண்ணீர் அடியில் கிடக்கும்போது இது மட்டும் கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கும். எங்கள் தெருவுக்கு அதில் ஒரு பெருமை. ஆடி நோன்புக்குக் கிணற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். குழந்தைக்கு உடம்பு கொதித்தபோதும், கிணற்றுத்தண்ணி குளிர்ச்சி, அதையே கொடு என்று எல்லாரும் சொன்னார்கள். அக்கா சங்கில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள்.

வைகாசியில் ஒருநாள். முந்தின சாயங்காலம் நல்ல மழை. காலையில் ஓவர்சியர் கடைவீதி வடிகால் தொடங்கும் தலைப்பில் சாயத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, எங்கள் தெருக்கோடியில் வடிகால் மேலிருந்த ஒரு கல்லைத் தூக்கி வைத்து, அங்கே அந்தத் துப்புரவு ஆளையும் அவர் சம்சாரத்தையும் காவலுக்கு நிறுத்தியிருந்தார். சிவப்பு அந்த வழியாகத்தான் வாலாங்குளத்துக்குப் போக வேண்டும். எனக்கு அது தெரியும். பென்சிலில் அந்தக் கோட்டை நானே போட்டு வைத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்து வந்தேன். தெருவில் திரும்பும்போதே கூச்சல். கிணற்றைச் சுற்றிக் கூட்டம். எதிர்வீட்டம்மா தலைமுடி அவிழ்ந்தது கூடத் தெரியாமல் என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

"கண்ணு, கிணத்துல ரத்தம்! குடம் குடமா ரத்தமா வருது! ஆத்தா என்னத்துக்கோ கோவிச்சுப்போட்டா!"

கிணற்றடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது. சிமெண்டுத் தளம் முழுக்கச் சிவப்பு. யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டார்களா என்று ஒருவர் எட்டிப் பார்த்துப் பேர் பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நிமிஷம் கூட்டத்துக்கு நடுவில் பார்த்தேன். அந்தத் துப்புரவு ஆளைக் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். மூலைவீட்டுப் பெரியவர், மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவே மாமா என்று கூப்பிடும் மனிதர், கையில் செருப்பை எடுத்திருந்தார்.

"காத்தால இருந்து இவன்தான் இங்க சுத்தீட்டு இருந்தான். கிணத்தைத் தொட்டுப் போட்டான். எறங்கிக் கையக் கழுவியிருக்கான். அதான் கிணறு இப்படிப் பொங்குது."

"தொடலீங்க சாமி! அந்தப் பக்கமே போகலீங்க சாமி!" அந்தம்மா எல்லார் காலிலும் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் உதட்டில் ரத்தம் வந்திருந்தது. அது நிஜ ரத்தம்.

நான் எப்படி உள்ளே புகுந்தேன் என்று தெரியவில்லை. "மாமா, உடுங்க அவரை! அது ரத்தமில்லீங்க, சாயமுங்க!" என்று கத்தினேன்.

"என்ன சாயம்?"

"எங்க ஆபீஸ் சாயமுங்க. காத்தால கடைவீதிச் சாக்கடையில ஊத்துனதுங்க."

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. வாயைத் திறந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கடைவீதிச் சாக்கடையில் ஊற்றினது. கோழி அறுத்த தண்ணீர், கக்கூஸ் கழுவின தண்ணீர், அந்த மனிதர் கழுத்தளவு முங்கின கருப்புத் தண்ணீர். அது இங்கே வருகிறது. காலையில் நான் வாய் கொப்பளித்த தண்ணீர் இது.

பின்னால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா நின்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அந்தத் தண்ணிதானா கண்ணு?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேனா இல்லையா, நினைவில்லை. அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஓவர்சியர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒரு வாளி இறைத்தார். கையில் அள்ளி வெயிலில் பார்த்தார், முகர்ந்தார். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர். அன்று காலையிலும் குடித்துவிட்டுத்தான் போனார். வாளியை வைத்துவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதைவிட அதிர்ச்சி. தெருவுக்கு வந்த கோபமெல்லாம் சாயத்தின் மேல். "நல்ல கிணத்துல கலரைக் கொட்டிக் கெடுத்துப்போட்டீங்க" என்று ஓவர்சியரைச் சூழ்ந்துகொண்டார்கள். சாயம் எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகச் சாக்கடையும் வரும் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேஸ்திரி மாமா ஆள் வைத்துக் கிணற்றை இறைக்கச் சொன்னார். சிவப்பு போய், தெளிவாய்த் தண்ணீர் ஊறியதும், பழையபடி குடங்கள் வரிசையில் வந்துவிட்டன. ஆபீசில் கேட்டால், கிணற்றை மூட மேலேயிருந்து உத்தரவு வரவேண்டும், பொறுங்கள் என்றார்கள்.

ஒரு காலையில் கிணற்றடியில் மறுபடியும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். என் அக்கா. பேசாத அக்கா. கப்பியிலிருந்து கயிற்றை உருவி வாளியோடு கிணற்றுக்குள் எறிந்துவிட்டு, மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு அம்மணி. என்ன வேலை இது?" என்றார் மேஸ்திரி மாமா.

"எறங்க மாட்டேனுங்க."

"பொம்பளப் புள்ள இப்படிக் கிணத்து மேல உக்காந்தா ஊரு என்ன பேசும்?"

"என்ன வேணும்னாலும் பேசட்டுங்க. எம் புள்ளைக்கு நான் சங்குல ஊத்துனது இதைத்தானுங்க. இனி ஒருத்தி ஊத்தறதைப் பாத்துட்டு நான் ஊட்டுக்குள்ள இருக்க முடியாதுங்க."

கத்தவில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். குடத்தோடு நின்ற பெண்களில் சிலர் கையிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த என் மாமா, அக்கா வீட்டுக்காரர், பஞ்சு ஒட்டிய சட்டையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்று தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குழந்தை போன அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கடைசியில் மேஸ்திரி மாமா, "சரி. வேற கலர் ஊத்துங்க. என் கண் முன்னால ஊத்துங்க. அது இங்க வந்துதுன்னா நானே நின்னு கிணத்தை மூடறேன்" என்றார்.

ஓவர்சியர் அதற்கு உடனே ஒத்துக்கொண்டார். முனிசிபல் தண்ணி லாரியை வரவழைத்தார். இந்தத் தடவை பச்சைச் சாயம். கடைவீதித் தலைப்பில் மேஸ்திரி மாமாவே வாளியைத் தூக்கி ஊற்றினார். லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். எல்லாருமாகத் தெருவுக்கு நடந்து வந்து கிணற்றைச் சுற்றி நின்றோம்.

முதல் வாளி தெளிவாக வந்தது. அடுத்ததும் தெளிவு. யாரோ சிரித்தார்கள். "பாத்தீங்களா?" என்றார் மேஸ்திரி மாமா, ஓவர்சியரைப் பார்த்து. அக்கா மேட்டில் கையூன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவள்தான் கையை நீட்டினாள்.

மேற்குப் பக்கத்துச் சுவரில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, கல்லிடுக்கிலிருந்து பச்சையாக ஒரு நூல் இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரலளவு ஆகி, கையகலம் ஆகி, கிணற்றுக்குள் விரிந்தது. எதிர்வீட்டம்மா "அய்யோ, அய்யோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி மாமா அந்தக் கல்லிடுக்கைக் காட்டினார். "அது கவலை வாய்க்கால்" என்றார். "இது எங்க அய்யன் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணி இறைச்ச கிணறு. இந்தத் தெருவே எங்க தோட்டம். மாடு இறைச்ச தண்ணி அந்த வழியாத்தான் வெள்ளாமைக் காட்டுக்குப் போச்சு. மனை போட்டு வித்தப்ப வாய்க்காலை மேல மூடிப் போட்டோம்." சொல்லி முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். ஓவர்சியர் ஓடிப்போய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

தோண்டிப் பார்த்தபோது எல்லாம் தெளிவானது. கடைவீதி வடிகாலைக் கட்டினவர்கள் மண்ணுக்குள் கிடந்த அந்த வாய்க்காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குக் கீழே, குளத்துக்குப் போகிற பக்கம், கழிவுப்பஞ்சும் மண்ணும் சேர்ந்து கல்லாய் இறுகி வடிகால் அடைத்துவிட்டது. போக வழியில்லாத தண்ணீர், பெரிய மழை வரும்போதெல்லாம் பழைய வாய்க்காலில் பின்னோக்கித் திரும்பி எங்கள் கிணற்றை ஒரே ராத்திரியில் நிரப்பியது.

அடைப்பை எடுத்தவர் அந்தத் துப்புரவு ஆள்தான். உதட்டுக் காயம் ஆறியிருந்தது. அவரை அடித்த தெருவிலேயே குழிக்குள் இறங்கி, இறுகின பஞ்சைக் கூடை கூடையாக வெட்டி மேலே அனுப்பினார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது ஒரு வீட்டம்மா குழாய்த்தண்ணீர் கொண்டுவந்து, எப்போதும் போல, கை படாமல் உயரத்திலிருந்து அவர் உள்ளங்கையில் ஊற்றினார். இவ்வளவுக்குப் பிறகும் இப்படியா என்று நினைத்தேன். அப்போது அக்கா சொம்பைக் கொண்டுவந்து அவர் சம்சாரத்தின் கையிலேயே கொடுத்தாள். அந்தம்மா சொம்பைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றார். குடிக்கலாமா என்று தெருவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "குடிங்க" என்றாள் அக்கா. பிறகுதான் குடித்தார்.

மேஸ்திரி மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பலகைக்கல் போட்டுக் கிணற்றை மூடும்போது பக்கத்திலேயே நின்றார். தெருவுக்கு இன்னொரு குழாய் வேண்டும் என்று ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நடந்தவரும் அவர்தான். கொஞ்ச காலம் ஆனாலும் வந்தது.

ஓவர்சியருக்கு அதன்பிறகு தூக்கமில்லாமல் போய்விட்டது. "அம்மணி, இந்த ஒரு கிணறுதானா?" என்று கேட்டார். அப்படியே படம் போடும் வேலையோடு, வடிகால் போகும் வழியிலிருந்த கிணறுகளையும் பார்க்கத் தொடங்கினோம். ஆபீஸ் ஆள் போய்ச் சொன்னால் கதவைச் சாத்தினார்கள். அதனால் அக்காவும் கூட வந்தாள். வாசலில் நின்று, "ஏனுங்க, கொஞ்சம் கேளுங்க. எனக்கு ஒரு பெண் கொழந்தை இருந்துச்சுங்க" என்று தொடங்குவாள். ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. எத்தனை வாசலில் அதைச் சொன்னாளோ, ஒவ்வொரு தடவையும் எனக்கு முதல் தடவை கேட்பது போலத்தான் இருந்தது. சில கிணறுகளில் சாயம் வந்தது. கோயிலை ஒட்டிய கிணறு ஒன்றில் வந்தபோது, அங்கே தீர்த்தம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதி நின்ற நிலையை என்னால் எழுத முடியாது.

மழைக்காலம் நெருங்கும்போது ஒரேயொரு வடிகால் பாக்கியிருந்தது. ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நல்ல அகலமான செங்கல் வடிகால். சாயத்தை ஊற்றினோம். லாரித் தண்ணீரும் விட்டோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனது. குளத்து வாய்களில் ஆள் நிறுத்தியிருந்தோம், கிணறுகளில் நிறுத்தியிருந்தோம், நொய்யல் கரையிலும் நிறுத்தியிருந்தோம். எங்கேயும் வரவில்லை. அடுத்த நாள் ஊற்றினோம், வரவில்லை. மழை பெய்தபோது ஊற்றிப் பார்த்தோம், அப்போதும் வரவில்லை. துப்புரவு ஆள் கயிறு கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டு, உள்ளே கால் வைக்க அடியே இல்லை என்று வந்துவிட்டார். ஓவர்சியர் அதற்குமேல் அவரை அனுப்ப மறுத்துவிட்டார்.

"கோட்டை அங்கயே நிறுத்திப்போடு அம்மணி" என்றார் என்னிடம்.

நிறுத்தினேன். மை காய்ந்ததும் டிரேசிங் துணியைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டாள், "வந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப அத்தனை தண்ணியும் எங்க கண்ணு போகுது?"

தெரியவில்லை என்றேன். அவள் அடுப்பில் தண்ணீரை வைத்துக் கொதிக்கவிட்டாள்.